கால் சரியில்லையா, கோடு சரியில்லையா? புதிதாகக் கால் போடுபவர்களுக்கு

எனக்கு வலது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. 19 வருசமாகிறது. இப்போது போட்டிருப்பது ஐந்தாவது செயற்கைக் கால். கிளினிக் நாட்களில் மட்டக்களப்புக்குப் போய், புதிதாகக் கால் போட வருகிறவர்களோடு கொஞ்ச நேரம் இருந்து கதைப்பேன். படுவான்கரையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள், அக்கரைப்பற்றிலிருந்து சுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிடுகிற காக்காமார், சீனி வருத்தத்தில் விரலில் தொடங்கி முழங்காலுக்குக் கிட்டவரை வெட்டக் கொடுத்த அம்மாமார். கதை எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கும்: "இது எப்பதான் பழகும்?"

தோல் பழகும். தசை பழகும். பயமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். ஆனால் கோணி நிற்கிற கால் பழகாது. இடுப்பும் முதுகும் நல்ல காலின் முழங்காலும் அந்தக் கோணலுக்கு வளைந்து கொடுக்கத் தொடங்கும், அவ்வளவுதான்.

என் முதல் காலைச் செய்து தந்த இடத்தில் "பழகிடும், பழகிடும்" என்று சொல்லியே எட்டு மாதம் ஓட்டினார்கள். ஒவ்வொரு அடிக்கும் என் முழங்கால் வெளிப்பக்கமாக வெட்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே உட்பக்கம் சிவந்து போகும். அடியில் வெளிப்பக்கம், சின்ன எலும்பு முடிகிற இடம், பொத்துப்போகும். பஞ்சு வைத்தேன். பழைய செருப்பை அறுத்து ஸ்பொஞ்ச் வைத்தேன். பிறகு வேறொரு இடத்தில் ஓர் இளம் டெக்னீசியன் என்னைப் பின்னால் நின்று நாலு அடி நடக்கவிட்டுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆணி திருகுகிற அலன் கீயை எடுத்துப் பாதத்தை வெளிப்பக்கமாக நகர்த்தினார். ஒரு சென்ரிமீற்றர்கூட இராது. அன்று பின்னேரம் பஸ் ஸ்ராண்ட் வரை கம்பு இல்லாமல் நடந்தேன்.

அந்த ஒரு சென்ரிமீற்றர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் நீங்கள் எட்டு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. காலைத் திருத்துவது டெக்னீசியனின் வேலை. எங்கே வலிக்கிறது, எந்த நேரத்தில் வலிக்கிறது என்று சரியாகச் சொல்வது நம்முடைய வேலை.

முதலில் எடைக்கோடு

மேசன்மார் சுவர் பார்க்கிற தூக்குக்குண்டு தெரியும்தானே. உடம்பின் எடை அந்த நூல் மாதிரி ஒரு கோட்டில் நிலத்துக்கு இறங்குகிறது. நிலம் அதே கோட்டில் திருப்பித் தள்ளுகிறது. அந்தக் கோடு முழங்காலுக்கு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா, உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்பதுதான் முழு விசயமும்.

நல்ல காலில் பாரத்தைப் போட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு, அரைக் குந்தில் நில்லுங்கள். தொடையின் முன்பக்கம் இறுகுகிறது. எடைக்கோடு முழங்காலுக்குப் பின்னால் விழுந்து அதை மடக்கப் பார்க்கிறது, தொடைத் தசை விடாமல் பிடிக்கிறது. இனி நிமிர்ந்து, உடம்பை ஒரு சொட்டு முன்னால் சாயுங்கள். தொடை இளகிவிடும். கோடு முன்னுக்கு வந்துவிட்டதால் முழங்கால் தானாக நேராகப் பூட்டிக்கொள்கிறது.

உயிருள்ள கணுக்கால் இந்தக் கோட்டை ஒவ்வொரு நொடியும் திருத்திக்கொண்டிருக்கும். நமக்குத் தருகிற பாதங்களில் அநேகமானவற்றுக்கு அசையும் கணுக்கால் கிடையாது. குதிக்காலில் மெத்தென்ற ஒரு ரப்பர் இருக்கும்; நிலத்தில் பட்டதும் அது அமுங்கி, கணுக்கால் மடங்கின மாதிரி ஒரு பாவனை காட்டும். 1950களில் கலிபோர்னியாவில் இருந்து வந்த யோசனை அது, இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. கணுக்கால் திருத்தாது என்பதால் டெக்னீசியன் முன்கூட்டியே கோட்டைப் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது.

நடக்கும்போது ஒரு காலில் விழுகிற விசை உடம்பு எடையையும் தாண்டும். 60 கிலோ ஆளுக்கு 65, 70 கிலோ என்று வையுங்கள். ஒரு கிலோமீற்றர் நடந்தால் அந்தக் கால் 700, 800 தடவை நிலத்தில் விழும். அத்தனை தடவையும் அந்தப் பாரம் ஒரு விரல் தடிப்பு தள்ளி விழுந்தால் எலும்பு நுனி என்ன பாடுபடும் என்று கணக்குப் பாருங்கள்.

மேசையில், நிலையில், நடையில்

கோட்டை மூன்று தடவை பார்ப்பார்கள். முதலாவது தடவை நீங்கள் இருக்க மாட்டீர்கள். காலை மேசையில் வைத்துப் பொருத்தும்போது சொக்கெட்டை, வெட்டின காலின் மிச்சம் போய் இருக்கிற கிண்ணத்தை, நேர்க்குத்தாக வைக்காமல் 5 பாகை அளவில் முன்பக்கமாகச் சாய்த்து வைப்பார்கள். புதிதாகப் பார்க்கிறவர்கள் "ஐயோ, கால் வளைஞ்சு இருக்கே" என்று பதறுவார்கள். வளைவு வேண்டுமென்றே வைத்தது. முழங்கால் சில்லுக்குக் கீழே விரலால் அமத்தினால் தடித்த கயிறு மாதிரி ஒரு தசைநாண் தட்டுப்படும். அது பாரம் தாங்கும். வெட்டின எலும்பின் நுனி தாங்காது. அந்தச் சாய்வு பாரத்தைத் தசைநாணுக்குக் கொண்டுபோகிறது. பாதத்தையும் சொக்கெட்டின் நடுவுக்கு நேர்கீழே வைக்காமல் ஒரு துளி உட்பக்கமாக வைப்பார்கள். நாம் இயல்பாகவே கால்களை நெருக்கி வைத்துத்தான் நடக்கிறோம். எனக்கு வைத்த துளி கூடிப்போயிருந்தது.

இந்த இடத்தில் இன்னும் கால் போடாதவர்களுக்கு ஒன்று. வெட்டின பிறகு வலிக்கு இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்காதீர்கள். சக்கர நாற்காலியில் காலைத் தொங்கப் போட்டபடி நாள் முழுக்க இருக்காதீர்கள். முழங்கால் மடங்கின வாக்கிலேயே இறுகிவிடும். பிறகு சொக்கெட்டை 5 பாகை போதாமல் 15, 20 என்று சாய்க்க வேண்டி வரும், நடை ஒருநாளும் நேராகாது. வீட்டில் அன்பான ஆட்கள்தான் அந்தத் தலையணையை வைப்பார்கள். அவர்களோடு சண்டை பிடியுங்கள்.

இரண்டாவது தடவை நிற்க வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவில், பாரத்தை இரண்டு காலிலும் சமமாகப் போட்டு நிற்க வேண்டும். கைகளில் தொங்கக் கூடாது. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு எந்தக் காலும் சரியாகத்தான் தெரியும். டெக்னீசியன் பின்னால் வந்து இரண்டு இடுப்பெலும்பிலும் கையை வைத்து மட்டம் பார்ப்பார். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் காலடியில் மெல்லிய பலகைத் துண்டு வைத்து எத்தனை மில்லிமீற்றர் என்று அளப்பார். பிறகு சிலர் ஒரு கடதாசித் துண்டை எடுத்துச் செருப்பின் ஓரத்தால் கீழே தள்ளிப் பார்ப்பார்கள். சுற்றிவரத் தள்ளுவார்கள். உள்ளோரத்தில் கடதாசி வழுக்கிக்கொண்டு உள்ளே போய், வெளியோரத்தில் போகாமல் நின்றால் பாரம் முழுக்க வெளியோரத்தில். யாரும் செய்து காட்டாவிட்டால் நீங்களே கேட்கலாம். வீட்டு சீமெந்துத் தரையிலும் பிள்ளைகளைக் கொண்டு செய்து பார்க்கலாம்.

மூன்றாவது, நடை. முதல் பத்து அடியை நம்பாதீர்கள், அது பயத்தின் நடை. கொஞ்சம் உடம்பு இளகின பிறகு நடப்பதுதான் உங்கள் நடை.

வலி என்றால் முதலில் சொக்ஸை எண்ணுங்கள்

கோட்டைத் திருத்துகிற ஆணியைத் தொட முன்பு, மிச்சக் காலில் மாட்டுகிற சொக்ஸ். மிச்சக் கால், கிளினிக்கில் ஸ்டம்ப் என்பார்கள், முதல் வருசம் வற்றிக்கொண்டே வரும். காலையில் ஓர் அளவு, பின்னேரம் ஓர் அளவு. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் மதியத்துக்குள் வியர்த்துச் சொக்கெட்டுக்குள் சறுக்கத் தொடங்கும். ஸ்டம்ப் கீழே அமிழ்ந்தால் கால் கட்டையான மாதிரி இருக்கும், இடுப்பு அந்தப் பக்கம் விழும், நுனி அடியில் முட்டி வலிக்கும், முழங்கால் சில்லு சொக்கெட் விளிம்புக்குள் புதையும். இது கோட்டின் பிழையில்லை. ஒரு சொக்ஸ் கூட்டுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சொக்ஸ் கூடினால் ஸ்டம்ப் முழுக்க இறங்காது, கால் நீண்ட மாதிரி இருக்கும், நுனி காற்றில் தொங்கும். அப்படியே மாதக்கணக்கில் விட்டால் நுனித் தோல் கறுத்துத் தடித்துப்போகும். ஆகவே எத்தனை சொக்ஸ் போட்டேன், எத்தனை மணிக்குக் கூட்டினேன் என்று நாலைந்து நாள் எழுதி வையுங்கள். அந்தத் துண்டுக் கடதாசி ஒரு வைத்தியரின் கடிதத்துக்குச் சமம்.

எங்கே, எப்போது

சொக்ஸ் சரி, வலி போகவில்லை. இனித்தான் கோடு.

குதிக்கால் நிலத்தில் பட்டதும் முழங்கால் வெடுக்கென்று மடங்கி உங்களை முன்னால் தள்ளுகிறதா? வலி முன்பக்கம் அடியில், கணைக்கால் எலும்பின் நுனியிலா? கூடவே பின்பக்கம் மேலே சொக்கெட் விளிம்பு அமத்துகிறதா? அப்படியானால் எடைக்கோடு அந்த நேரத்தில் முழங்காலுக்கு மிஞ்சிப் பின்னால் விழுகிறது. பாதம் பின்தள்ளி இருக்கலாம், பாதத்தின் முன்பகுதி மேல்நோக்கி நிற்கலாம், குதி ரப்பர் கல் மாதிரி இறுகியிருக்கலாம், செருப்பின் குதி உயரமாக இருக்கலாம். நாலில் எது என்று டெக்னீசியன் கண்டுபிடிக்கட்டும். நீங்கள் "குதி படும்போது, முன்பக்கம் அடியில்" என்று சொன்னால் போதும்.

மேட்டில் ஏறுகிற மாதிரி இருக்கிறதா, பாதத்தைத் தாண்டி உடம்பு முன்னால் போக மாட்டேன் என்கிறதா, முழங்கால் பின்பக்கமாக வளைகிறதா? இது முன்னையதின் நேர் எதிர். பாதம் முன்தள்ளியோ கீழ்நோக்கியோ இருக்கிறது, அல்லது குதி மிஞ்சி மெத்தென்று இருக்கிறது, அல்லது செருப்புக் குதி தாழ்ந்துவிட்டது. விழப்போகிற பயம் இதில் குறைவு என்பதால் ஆட்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். முழங்காலின் பின்பக்கக் கட்டு இளகிப்போன பிறகு சொல்லிப் பயனில்லை.

பின்னால் நின்று பார்க்கும்போது முழங்கால் வெளிப்பக்கம் வெட்டினால் என் கதைதான்: பாதம் மிஞ்சி உள்ளே. மேலே உட்பக்கமும் அடியில் வெளிப்பக்கமும் சிவக்கும். முழங்கால் உட்பக்கம் விழுந்தால் பாதம் மிஞ்சி வெளியே; முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் தட்டுப்படுகிற எலும்புக் குமிழிலும், அடியில் உட்பக்கத்திலும் அமத்தும். கோடு பிழைத்தால் சிவப்பு அநேகமாகச் சோடியாக வரும், மேலே ஒரு பக்கம், கீழே மறுபக்கம். சோடியில்லாமல் ஒரே ஒரு புள்ளி சிவந்திருந்தால் அது அநேகமாகச் சொக்கெட்டின் உருவத்தில் உள்ள குறை, கோட்டில் இல்லை.

காலைக் கழற்றியதும் பாருங்கள். பத்து நிமிசத்தில் மங்குகிற சிவப்பு பரவாயில்லை. மங்காமல் நிற்கிற சிவப்பைப் பேனாவால் சுற்றி வட்டம் போட்டு, போனில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக் நாளில் அது மறைந்துபோயிருக்கும். தோல் உரிந்திருந்தால் ஆறும் வரை காலைப் போடாதீர்கள். சீனி வருத்தக்காரர் வலியை நம்பக் கூடாது, உங்களுக்கு வலி தெரியாமலே போகலாம். கண்ணாடியைத் தரையில் வைத்துக் காலையிலும் மாலையிலும் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையிடம் காட்டுங்கள்.

ஆணியை நீங்களே திருகலாமா என்று கேட்கிற தம்பிமார் உண்டு. புது வகைக் கால்களில் மூட்டு இணைப்பில் நாலு சின்ன ஆணி இருக்கும். ஒன்றை இளக்கி எதிர்ப்பக்கத்ததை இறுக்கினால் கால் அந்தப் பக்கம் சாயும்; பார்க்க இலகுவாகத்தான் இருக்கும். ஆனால் முழங்காலைத் திருத்த வெளிக்கிட்டு முதுகைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். வேண்டாம். டெக்னீசியன் திருத்தும்போதும் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், பிறகு நடை, பிறகு அடுத்தது என்று கேளுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று ஆருக்கும் தெரியாது. முழுக்க ஒரே குழாயாக வடித்த பழைய வகைக் கால்களில் ஆணியே இராது. அவற்றில் கோட்டை முடிவாக்கும் முன்பே, தயக்கம் பார்க்காமல், நிறைய நடந்து காட்ட வேண்டும்.

செருப்பும் கோயில் வாசலும்

அக்கரைப்பற்றில் இருந்து வரும் ஒரு மீன்பிடிக் காக்கா. றோட்டில் அழகாக நடப்பார். ஒருநாள் சொன்னார், "தம்பி, பள்ளிக்குள்ள போனாப் போதும், பின்னுக்கு ஆரோ இழுக்கிற மாதிரி இருக்கு." எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர் செருப்பைத் தூக்கிப் பார்த்தேன். குதியில் இரண்டு விரல் தடிப்பு, முன்னால் ஒரு விரல்.

அவர் காலைக் கோடு பார்த்தது அந்தச் செருப்போடு. வாசலில் செருப்பைக் கழற்றியதும் குதி ஒரு விரல் கீழே போகிறது, கணைக்கால் குழாய் பின்னால் சாய்கிறது, எடைக்கோடு முழங்காலுக்கு முன்னால் ஓடுகிறது. இழுத்தது அதுதான். மாமாங்கேசுவரர் கோயிலில் சாமி கும்பிடுகிற அம்மாவுக்கும் இதே கதை. வெள்ளைக்காரர் நாட்டில் படுக்கப் போகும் வரை சப்பாத்தோடு இருக்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை பெரிதில்லை. நமக்கு வீட்டு வாசல், கோயில் வாசல், பள்ளிவாசல் என்று ஒரு நாளைக்குப் பத்து வாசல். 1968 இல் ஜெய்ப்பூரில் வெறுங்காலோடு நடக்கவும் குந்தவும் தோதாக ரப்பரில் ஒரு பாதத்தைச் செய்யத் தொடங்கினதற்குக் காரணமே இந்த வாசல்கள்தான். எங்கள் ஊரில் செயற்கைக் காலுக்கே ஜெய்ப்பூர் கால் என்ற பெயர் நின்றுவிட்டது.

செருப்பு வாங்கும்போது பார்க்க வேண்டியது அதன் மொத்த உயரத்தை அல்ல. குதியின் தடிப்பில் இருந்து முன்பக்கத் தடிப்பைக் கழியுங்கள். கழித்து வருவதுதான் கோட்டை மாற்றுகிறது. பாட்டாச் செருப்பில் அது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஆகவே என் யோசனை: அரை நாள் வெறுங்காலோடு இருக்கிற ஆள் என்றால், வெறுங்காலுக்கே கோடு பிடிக்கச் சொல்லுங்கள், வெளியே போகத் தட்டையான செருப்பை மட்டும் போடுங்கள். கந்தோருக்குச் சப்பாத்துப் போடுகிறவர் சப்பாத்துக்குக் கோடு பிடித்து, வீட்டுக்குள் குதியின் கீழே அதே கணக்குக்கு ஒரு ரப்பர் துண்டு வைத்து மேலே சொக்ஸ் மாட்டலாம். எதுவானாலும், கோடு பார்க்கிற நாளில் நீங்கள் உண்மையாகப் போடுகிற செருப்பைக் கொண்டு போங்கள். கலியாணத்துக்கு வாங்கின புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு அழுகை வரும்.

முழங்காலுக்கு மேலே வெட்டியவர்களுக்கு

சுருக்கமாக. உங்களுக்கு முழங்காலும் இரும்பிலோ பிளாஸ்ரிக்கிலோ இருக்கிறது. அதைப் பிடித்து வைக்கத் தசை இல்லை. தொடை எலும்பு இடுப்பருகே வெளியே புடைத்து நிற்கிற இடத்திலிருந்து கணுக்காலுக்கு ஒரு கோடு இழுத்தால், சாதாரண முழங்கால் மூட்டின் அச்சு அந்தக் கோட்டுக்குச் சில மில்லிமீற்றர் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் பாரம் போட்டதும் முழங்கால் தானாகப் பூட்டிக்கொள்ளும். மிஞ்சிப் பின்னால் வைத்தால் பத்திரமாக நிற்கலாம், ஆனால் அடி எடுக்க மடங்காது. காலை வட்டமடித்து வீச வேண்டி வரும். முன்னால் வந்தால் படியிறங்கும்போது மடிந்து விழுத்தும். தொடக்கத்தில் கொஞ்சம் பின்னால் வைத்து, இடுப்புத் தசை பலப்படப் பலப்பட முன்னுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கிளினிக்குக்குப் போகும் நாள்

சாறனைவிட அரைக் காற்சட்டை நல்லது, முழங்கால் தெரிய வேண்டும். வைத்திருக்கிற சொக்ஸ் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். ஒரு நாள் முன்பு வீட்டில் ஆரையாவது கொண்டு போனில் வீடியோ எடுப்பியுங்கள்: முழங்கால் உயரத்தில் போனைப் பிடித்து, பின்னால் இருந்து ஏழெட்டு அடி, பக்கத்தில் இருந்து ஏழெட்டு அடி. வரம்பில் நடக்கிறவர் வரம்பில் நடப்பதையும், குளக்கட்டில் ஏறி இறங்குகிறவர் அதையும் எடுங்கள். கிளினிக்கின் பளிங்குத் தரையில் ஒருவரும் விழுவதில்லை. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் "சரி, நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். திருத்தின பிறகு வெளியே போய், மணலும் கல்லும் உள்ள முற்றத்தில் ஒரு கால் மணித்தியாலம் நடந்து, கழற்றிச் சிவப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

அந்தக் காக்கா அடுத்த மாதம் வந்தார். டெக்னீசியன் அவருக்கு வெறுங்காலுக்குக் கோடு பிடித்துக் கொடுத்திருந்தார். காலில் தட்டையான பாட்டா. "இப்ப பள்ளிக்குள்ள ஆரும் இழுக்கிறல்ல தம்பி," என்றார். "தோணியடிக்குப் போனாத்தான் இழுக்கிறான்." காய்ந்த கடற்கரை மண்ணில் குதி புதைந்துவிடும், பழையபடி கணைக்கால் பின்னால் சாயும். அதற்கு எந்த ஆணியிலும் மருந்தில்லை. அலை நனைத்த இறுகின மண்ணில் நடந்து தோணிக்குப் போகச் சொன்னேன். திரும்பி வந்ததும் நல்ல தண்ணியில் காலைக் கழுவி, ஆணி உள்ள இடத்தைத் துணியால் துடைக்கவும் சொன்னேன், உப்புப் பிடித்தால் அடுத்த தடவை அலன் கீ உள்ளே இறங்காது.